தரையில காலை வெக்காத கண்ணு

ஏண்டா பேராண்டி, ஏணியில ஏறறப்ப ஒவ்வொரு படியா ஏறுனவன், எறங்கறப்ப மட்டும் எல்லாப் படியையும் ஒட்டுக்கா மிச்சம் புடிக்கலாம்னு பாத்தியாக்கும்? மொட்டை மாடியில சின்டெக்ஸ் தொட்டி கழுவப் போனேங்கற. கழுவு, வேண்டாங்கல. ராத்திரி ஒம்பது மணிக்கு மேல எவன்டா தொட்டி கழுவறான்? நான் கேக்கல சாமி, உன்ர அம்மிச்சி கேக்கறா. நமக்கெதுக்கு வம்பு.

எலும்பு டாக்டருக்குப் படிக்கறாளே உன்ர மாமன் மவ, அவ போன்ல ஒரு சங்கதி சொன்னா. இங்கிலீசுக்காரங்க இந்தக் குதிங்கால் முறிவுக்கு 'காதலன் முறிவு'ன்னு ஒரு பட்டப்பேரு வெச்சிருக்காங்களாமா. அடுத்தவன் ஊட்டு மாடியில இருந்தவன், ஊட்டுக்காரன் வண்டிச் சத்தம் கேட்டு சன்னல் வழியாக் குதிச்சு, நேரா குதிங்கால்ல எறங்குவானாமா. டாக்டருக்குப் படிச்சவங்களுக்கும் குசும்பு இருக்குது பாரு. உன்ர பொண்டாட்டிகிட்ட இத நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன், நான் சொல்றத நீ ஒழுங்காக் கேக்கற வரைக்கும்.

முதல்ல ஒரு காரியம். உழுந்த நாள்ல இருந்து எல்லாரும் உன்ர காலையே பாத்துட்டு இருக்கறாங்க. முதுகை ஆராவது பாத்தாங்களா? ஒசரத்துல இருந்து நின்ன வாக்குல உழுந்தா அந்த இடி குதிங்காலோட நிக்காது. முழங்கால், இடுப்பு, நடுமுதுகுன்னு மேல ஏறும். குதிங்கால் ஒடஞ்சவங்கள்ல ஏறக்குறைய பத்துல ஒருத்தருக்கு முதுகெலும்பும் சேந்து ஒடஞ்சிருக்கும்ங்கறாங்க. காலு வலி பெருசா இருக்கறப்ப முதுகு வலி வெளிய தெரியாது. இன்னொரு குதிங்காலையும் படம் புடிச்சாங்களான்னு கேளு. 'நல்லாத்தான் இருக்குதுங் அப்பிச்சி'ங்காத. நேத்து ராத்திரி கட்டில்ல பொரளறப்ப நீ கத்துனது கட்டுத்தரை வரைக்கும் கேட்டுது.

சரி, குதிங்காலுக்கு வரலாம். பாதத்துல இருக்கற எலும்புலயே அதுதான் பெருசு. பெருசுன்னதும் இரும்புக் குண்டுன்னு நெனச்சுக்காத. அது பொரி உருண்டை கண்ணு. மேல வெல்லப்பாகு பட்டு மொறுமொறுன்னு மெல்லிசா ஒரு ஓடு, உள்ளாற பூராவும் பொரி. அது மேல கணுக்கால் எலும்பு உக்காந்திருக்குது. நீ உழுந்தப்ப உன்ர ஒடம்பு, உன்ர தொப்பை, நீ அன்னிக்குத் தின்ன பரோட்டா அத்தனையும் சேந்து அந்தக் கணுக்கால் எலும்பைக் கீழ எறக்கியிருக்குது. பொரி உருண்டையை உள்ளங்கையில வெச்சு அமுத்துனா என்ன ஆகும்? ஒசரம் கொறையும், பக்கவாட்டுல அகலும். குதிங்காலும் அதேதான்: குட்டையாகும், தடிச்சுப் போகும், மேல இருக்கற மூட்டுத்தளம் உள்ளாற அமுந்திரும். இந்தக் கடைசிதான் வில்லங்கம். ஓடு ஒடஞ்சது தானாக் கூடிக்கும். அமுந்துன தளம் அமுந்துன எடத்துலயே கூடிக்கும்.

அந்த மூட்டு என்ன வேலை செய்யுதுன்னு ஒடையாதவனுக்குத் தெரியாது. காலை மேலயும் கீழயும் ஆட்டறது கணுக்கால் மூட்டு. அதுக்குக் கீழ இருக்கற இந்த மூட்டு பாதத்தை எடதும் வலதுமாச் சாய்க்கும். வரப்புல நடக்கறப்ப, இட்டேரியில கல்லு மேல கால வெக்கறப்ப, பாதம் அதுவாச் சாஞ்சு குடுக்குதே, அது இதோட வேலைதான். தார் ரோட்டுல மட்டும் நடக்கறவனுக்கு அது இல்லாமலும் பொழப்பு ஓடும். தோட்டங்காட்டுல இருக்கறவனுக்கு ஓடாது.

எம்புட்டு அமுந்தியிருக்குதுன்னு கண்டுபுடிக்கறதுக்கு வியன்னாவுல ஒருத்தர் கணக்கு வெச்சிருந்தாரு. லோரென்ஸ் போஹ்லர்னு பேரு. முதல் உலகப்போர்ல அடிபட்டு வந்தவங்க கையையும் காலையும் பாத்துப் பாத்தே கை தேர்ந்தவரு. எக்ஸ்ரேல குதிங்கால் எலும்பு மேல ரெண்டு கோடு போட்டு, அது ரெண்டும் சேர்ற கோணத்த அளக்கணும்னு 1931-ல சொன்னாரு. நல்ல காலுக்கு 20 டிகிரியில இருந்து 40 டிகிரி வரைக்கும் இருக்கும். அமுந்த அமுந்த அது கொறஞ்சுட்டே வரும். நெம்ப அமுந்துனா பூச்சியத்துக்கும் கீழ போயிரும், உன்ர பத்தாங்கிளாஸ் கணக்கு மார்க்கு போனதாட்ட. நாளைக்கு டாக்டர்கிட்டப் போறப்ப இந்த நெம்பரக் கேளு. அப்பறம் சி.டி. ஸ்கேன் எடுத்தாச்சான்னு கேளு. எக்ஸ்ரே பக்கவாட்டுல பாக்கற படம். மூட்டுத்தளம் எத்தனை துண்டாப் போச்சு, எந்தத் துண்டு எங்க நகந்துச்சுங்கறது ஸ்கேன்லதான் தெளிவாத் தெரியும். சாண்டர்ஸ்ங்கற அமெரிக்க டாக்டர் 1993-ல இந்தத் துண்டுகள எண்ணி நாலு வகையாப் பிரிச்சாரு. கீறல் இருந்தும் நகரலீன்னா ஒண்ணாவது வகை. ரெண்டு துண்டு, மூணு துண்டு, நாலும் அதுக்கு மேலயும்னா மத்த மூணு வகை. ஒண்ணாவது வகைன்னா கத்திப் பேச்சே வேண்டாம். நாலாவது வகைன்னா, எவ்வளவு கெட்டிக்கார டாக்டரா இருந்தாலும் பொரியப் பொறுக்கி உருண்டை புடிக்கற வேலைதான். அதுக்கு நடுவுல இருக்கற ரெண்டு வகைக்குத்தான் இத்தனை ரோசனை.

ஸ்கேன் பாக்காம 'அறுத்தே ஆகணும்'ங்கறவனையும் நம்பாத, ஸ்கேன் பாக்காம 'அறுக்கவே கூடாது'ங்கறவனையும் நம்பாத. அப்படிப் பாத்தா உன்னையப் பாக்க வந்த ஒறம்பரைல ஒருத்தரையும் நம்ப முடியாது. ஒரு சீப்பு வாழப்பழம், ஒரு ஹார்லிக்ஸ், ஒரு யோசனை. மூணும் ஒட்டுக்கா வந்திருது. உன்ர சின்ன மாமனாரு, 'ப்ளேட் போட்டுருங் மாப்ள, ஒரே மாசத்துல எந்திரிச்சு நடக்கலாம்'னாரு. பெரிய மாமனாரு, 'வண்டி சொல்லட்டுங்களா, புத்தூர் கட்டுக்குப் போயிரலாம்'னாரு. சீட்டு புடிக்கற அக்கா, 'இன்சூரன்ஸ் அட்டை இருக்குதில்ல, அஞ்சு லச்சம் வரைக்கும் கவர்மெண்டு குடுக்குது, சும்மா எதுக்குக் கெடக்கணும்'னுச்சு. அட்டை சும்மா கெடக்குதேன்னு காலை அறுத்துக்கறதப் பத்தி அந்தக்கா கொஞ்சங்கூட ரோசிக்கல.

கட்டு கட்டறவங்கள நான் கொறை சொல்லல. முன்னங்கை எலும்பு கீறல் உட்டு, கட்டுப் போட்டுக் கூடுனவங்கள நம்ம ஊர்லயே காட்டறேன். ஆனா உள்ளாற அமுந்து கெடக்கற மூட்டுத்தளத்த வெளிய இருந்து மூங்கப்பட்டை வெச்சு எப்படிடா நிமுத்துவாங்க? அதும் உன்ர காலை இப்பப் பாரு. வீங்கி, பளபளன்னு, பக்கவாட்டுல ரெண்டு நீர்க்கொப்புளம். உள்ளங்கால்ல கருநீலமா ரத்தம் கட்டியிருக்குது. இதும்மேல பட்டை வெச்சு இறுக்குனா ரத்த ஓட்டம் நின்னு போகும். வெரலு கறுத்தப்பறம் எந்த ஊருக்கு வண்டி சொன்னாலும் பிரயோசனம் இல்ல. எண்ணெய் போட்டு நீவறேன்னு ஆராவது வந்தா எண்ணெயை மட்டும் வாங்கி வெச்சுக்க, அம்மிச்சி முறுக்குச் சுட ஆகும்.

இனி சின்ன மாமனாரு சொன்ன சங்கதி. அதுலதான் நீ மயங்கிக் கெடக்கற, எனக்குத் தெரியும். உன்ர தையல் கம்பெனிக்குத் தீவாளி ஆர்டர் இருக்குது, பவர் டேபிள் மிசின் ஓடணும், ப்ளேட்ட வெச்சு ஸ்க்ரூவ முறுக்குனா மறுமாசம் பெடல மிதிக்கலாம்னு கணக்குப் போட்டிருக்கற. அந்தக் கணக்கு தப்பு கண்ணு. தொடை எலும்புல கம்பி போட்டவன ரெண்டாம் நாளே நிக்க வெக்கறாங்களே, அது வேற. அந்தக் கம்பி பாரந் தாங்கும். இது பொரி. ஸ்க்ரூ புடிச்சு நிக்கறதுக்கு உள்ளாற சத்தான எடம் கம்மி. அறுத்தாலும் சரி, அறுக்காட்டியும் சரி, ஆறு வாரத்துல இருந்து பன்னெண்டு வாரம் வரைக்கும் அந்தக் கால் தரையில படக் கூடாது. பட்டா நிமுத்தி வெச்ச தளம் மறுபடியும் அமுந்தும், ப்ளேட்டோட சேந்து. தீவாளிக்கு முந்தி நடக்கணுங்கறதுக்காக அறுக்கப் போறேன்னா, அந்த நெனப்ப இங்கேயே கழட்டி வெச்சிரு. தளத்த நேராக்கறதுக்கு அறுக்கறேன்னு சொல்லு, அது பேச்சு.

நேராக்குனா நல்லாயிருமான்னு கேட்டா, அங்கதான் பெரிய பெரிய ஊர்க்காரங்களே தலையச் சொறியறாங்க. கனடாவுல 424 பேர எடுத்து, பாதிப் பேருக்கு அறுத்து, பாதிப் பேர அறுக்காம உட்டு, ரெண்டு வருசத்துக்கு மேல பாத்து 2002-ல சொன்னாங்க: மொத்தமாப் பாத்தா பெருசா வித்தியாசம் இல்ல. பிரிட்டன்ல 22 ஆசுபத்திரி சேந்து 151 பேர அதே மாதிரி பிரிச்சுப் பாத்து 2014-ல சொன்னாங்க: ரெண்டு வருசம் கழிச்சு வலியிலயும் நடையிலயும் வித்தியாசம் இல்ல. ஆனா அறுத்தவங்கள்ல நூத்துக்கு 23 பேருக்குப் புண்ணு, சலம், மறு ஆப்பரேசன்னு ஏதோ ஒரு வில்லங்கம். அறுக்காதவங்கள்ல நூத்துக்கு 4 பேருக்குத்தான். இதக் கேட்டதும் உன்ர மூஞ்சி மலந்துருச்சு, கத்தி வேண்டாம்னு. சித்த பொறு. குதிங்கால் கோணிக்கிட்டு நெம்ப மோசமாப் போனவங்கள அந்தப் பிரிட்டன் கணக்குல சேக்கவே இல்ல. அவங்களுக்கு நேராக்கித்தான் ஆகணும். அப்பறம் கனடாக்காரங்க கணக்கையே பிரிச்சுப் பாத்தா, சின்ன வயசுக்காரங்க, பொம்பளைங்க, பாரமில்லாத வேலை செய்யறவங்களுக்கு அறுத்தது நல்ல பலன் குடுத்திருக்குது. அறுக்காம உட்டவங்கள்ல எச்சுப் பேரு, பின்னாடி மூட்டுத் தேஞ்சு வலி தாங்காம, ரெண்டு எலும்பையும் ஒட்ட வெக்கற ஆப்பரேசனுக்குப் போயிருக்கறாங்க. ஒட்ட வெச்சா வலி போகும், சாயற அசைவும் சேந்து போகும்.

அதே கனடாக் கணக்குல ஒரு சங்கதி எனக்கு நெம்பப் புடிச்சுது. வேலையில அடிபட்டு நட்டஈடு வாங்கறவங்களுக்கு, அறுத்தாலும் சரி அறுக்காட்டியும் சரி, மத்தவங்க அளவுக்கு நல்லாகலீங்கறாங்க. பாரமான வேலைக்காரங்க, அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். ஆனா நான் ஊர்ப் பஞ்சாயத்துப் பாத்தவன். காசு கைக்கு வர்றவரைக்கும் நொண்டறதுல ஒரு நாயம் இருக்குதுன்னு எனக்கும் தெரியும். நீ ஆர்கிட்டயும் நட்டஈடு கேக்க முடியாது, தொட்டி உன்ர தொட்டி. அதனால சீக்கிரம் நல்லாயிருவ.

அறுக்கறதுன்னு முடிவு பண்ணுனா எப்பங்கறது அடுத்த சங்கதி. வந்த அன்னிக்கே தியேட்டருக்குக் கொண்டு போகலீன்னு டாக்டர் மேல கோவிச்சுட்டு இருந்தயாமா. அவரு வெவரமானவருடா. குதிங்காலுக்கு வெளிப்பக்கம் தோலு மெல்லிசு. அடியில சதையே கெடையாது, நேரா எலும்பு. வீங்கி உப்பியிருக்கறப்ப அதக் கீறுனா தையல் சேராது, ஓரம் கறுத்துப் பிரிஞ்சுக்கும், சலம் வெச்சா ப்ளேட்டையே கழட்டணும். அதனால வீக்கம் வடியற வரைக்கும், பத்து நாளோ ரெண்டு வாரமோ, காத்திருக்கறாங்க. கால நெஞ்சுக்கு மேல ஒசத்தி வெச்சுப் படுக்கச் சொன்னது அதுக்குத்தான். ரெண்டு தலகாணி போதாது, நாலு போடு. துணியில சுத்தி ஐஸ் வை, தோல்ல நேரா வெக்காத. வீக்கம் வடிஞ்சுதான்னு எப்படிப் பாக்கறாங்க தெரியுமா? பக்கவாட்டுத் தோலப் பாப்பாங்க. என்ர மூஞ்சியில இருக்கற சுருக்கம் உன்ர குதிங்கால்ல வந்தாத்தான் கத்திய எடுப்பாங்க. இந்த ஊர்ல என்ர சுருக்கத்துக்கு மருவாதி குடுக்கற ஒரே ஆளு எலும்பு டாக்டருதான். அதுக்குன்னு ஒரேயடியா இழுத்தடிக்கவும் கூடாது. மூணு வாரம் தாண்டுனா துண்டெல்லாம் அதும்பாட்டுக்கு ஒட்ட ஆரம்பிச்சிரும், பிரிச்சு நிமுத்தறது செரமம்.

எல்லாத்துக்கும் காத்திருக்கச் சொல்றானேன்னு ஒண்ணுக்கு மட்டும் காத்திருந்தராத. குதிங்காலுக்குப் பொறத்தால, கெண்டைக்கால் தசைநாண் வந்து சேர்ற எடத்துல, எலும்புத் துண்டு மேல இழுபட்டு தோல உள்ளாற இருந்து முட்டிட்டு இருந்தா அந்த எடம் வெளுத்துப் போகும். அதுக்கு மணிக்கணக்குதான், நாள் கணக்கில்ல; உட்டா தோலு செத்துப் போகும். எலும்பு தோலக் கிழிச்சு வெளிய வந்திருந்தாலும் அன்னிக்கே பாக்கணும். பாதம் கல்லாட்ட இறுகி, மாத்திரை போட்டும் அடங்காத வலி, வெரல லேசா நிமுத்துனாக்கூட உசுரு போகுதுன்னாலும் ராத்திரின்னு பாக்காம 108-ஐக் கூப்புடு. நான் தோட்டத்துச் சாலையில படுத்திருந்தா என்னையும் எழுப்பு.

இப்ப அந்தச் சட்டைப் பாக்கெட்டுல இருக்கறத எடு. தெரியும்டா. உன்ர பொண்டாட்டி அம்மிணிகிட்ட மறச்சரலாம், அப்பிச்சி மூக்குகிட்ட மறைக்க முடியாது. சிகரெட்டு பத்த வெக்கற ஒவ்வொரு தடவையும் சின்ன ரத்தக்குழாயெல்லாம் சுருங்குது. அந்த மெல்லிசுத் தோலுக்கு ரத்தம் போறதே அதுக வழியாத்தான். பீடி சிகரெட்டு குடிக்கறவனுக்கும் சக்கரை கட்டுக்குள்ள இல்லாதவனுக்கும் குதிங்கால்ல புண்ணு பிரியறதும் சலம் வெக்கறதும் எச்சு. அதனாலயே சில டாக்டருங்க இந்த ரெண்டும் இருந்தா பெருசா அறுக்க யோசிப்பாங்க. எல் எழுத்தாட்ட பெருசாக் கீறறது பழைய வழி. இப்ப கணுக்காலுக்குக் கீழ சின்னதாக் கீறி உள்ள போறாங்க, சிலதுக்கு ஓட்டை மட்டும் போட்டுக் கம்பிய விடறாங்க. அதுல தோலுக்குத் தொந்தரவு கம்மி. உன்ர துண்டுக்கு அது ஆகுமான்னு கேளு. உனக்கு சக்கரை இருக்குதான்னு பாத்தியா? முப்பத்தஞ்சு வயசுக்கு எப்படி வரும்ங்காத. உன்ர அப்பனுக்கு எப்ப வந்துச்சுன்னு உன்ர அம்மாளக் கேளு.

கத்தியோ கட்டோ, அந்த மூணு மாசத்த எப்படி ஓட்டறதுங்கறதுதான் நெசமான சோதனை. ரூமுக்கு வாக்கர், கக்கூசுக்கு சேர். நம்ம பழைய கக்கூசுல குந்தறதுங்கறதே ரெண்டு குதிங்காலயும் ஊனி நிக்கற வேலை; அத மறந்திரு. பாத்ரூமு ஈரத்துல ஒத்தக்கால்ல குதிச்சுக் குதிச்சுப் போயி, நல்லா இருக்கற காலையும் ஒடச்சுட்டு வந்தவங்க உண்டு. 'ஸ்கூட்டிக்கு ரெண்டு பிரேக்கும் கையிலதானேங் அப்பிச்சி'ன்னு நேத்து கேட்ட பாரு, அப்பவே தெரிஞ்சு போச்சு உன்ர ரோசனை எங்க போகுதுன்னு. பிரேக்கு கையிலதான். வண்டி நின்னா எத ஊனுவ?

தரையில வெக்காதன்னா ஆட்டாதன்னு அர்த்தமில்ல. மாவுக்கட்டு போடாம இருந்தா, டாக்டரு சரின்னு சொன்ன நாள்ல இருந்து, கணுக்கால ஆட்டணும், வெரல மடக்கி நீட்டணும். இல்லீன்னா மூட்டு இறுகிப் போகும். பிசியோதெரபிக்காரங்க காத்துல எழுத்து எழுதச் சொல்லுவாங்க, பெருவெரல பேனாவா வெச்சு. அ, ஆ, இ, ஈன்னு ஆரம்பி. ஒண்ணாங்கிளாஸ்ல டீச்சரு கேட்டப்ப எழுதாம பென்சில் தின்னவன்தான நீ. இப்ப காலாலயாவது எழுது. ஐயும் ஔவும் வர்றப்ப வலிக்கும், உட்டராத. அப்பறம் கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிச்சாலோ, திடீர்னு மூச்சு வாங்கி நெஞ்சு குத்துனாலோ, அது சூடு இல்ல, வாய்வும் இல்ல. அசையாமக் கெடக்கற கால்ல ரத்தம் உறைஞ்சு மேல ஏறுது. அன்னேரம் இஞ்சிச் சாறு குடிச்சுட்டு உக்காந்திராத, ஓடு. ஓடுன்னா உன்னைய இல்ல, தூக்கிட்டுப் போறவங்கள.

சாப்பாட்டுக்குக் கொறை இல்ல. ஆட்டுக்கால் சூப்பு மூணு நேரமும் வருது. ஆட்டுக்காலு குடிச்சா காலு ஊறும்னா, ஆட்டு மூளைக்கறி தின்ன நீ ஏணியில நின்னு எறங்கியிருக்கணுமே. குடி, வாய்க்கு நல்லாத்தான் இருக்குது. பெரண்டைத் தொவையலும் தின்னு, அம்மிச்சி நாக்கு அரிக்காம அரைப்பா. ஆனா எலும்புக்கு வேணுங்கறது சுண்ணாம்புச் சத்தும் புரதமும். நூறு கிராம் கேவுருல 340 மில்லிகிராமுக்கு மேல சுண்ணாம்புச் சத்து இருக்குது. களி கிண்டித் தரச் சொல்லு. முட்டை, தட்டைப்பயிறு, மோரு. காலையில சித்தங்கூரம் வாசல்ல வெயில்ல உக்காரு. வீட்டுக்குள்ளயே கெடந்து போனு பாத்துட்டு இருந்தா எலும்பு வெளுக்காது, மூஞ்சிதான் வெளுக்கும்.

மூணு மாசங் கழிச்சு எந்திரிச்சா நாலாவது மாசம் பழைய ஆளுன்னு நெனச்சுக்காத. முதல்ல கொஞ்சமா ஊனி, அப்பறம் பாதி, அப்பறம் முழுசு. காலையில எந்திரிச்சு வெக்கற முதல் அடி குத்தும். சாயங்காலம் வீங்கும், அது மாசக்கணக்குல வரும் போகும். குதிங்கால் அகண்டிருந்தா பழைய செருப்பு சேராது. மெத்துன்னு அடிபோட்ட செருப்பு வாங்கு. சமதரையில நடந்துருவ. களத்துமேட்டுலயும் வரப்புலயும் கெழவன் நடந்து போவேன், நீ பின்னால ஊர்ந்து வருவ. ஒரு வருசம், ஒண்ணரை வருசம் வரைக்கும் கொஞ்சங் கொஞ்சமா முன்னேத்தம் இருக்கும்ங்கறாங்க. 1916-ல பாஸ்டன்ல காட்டன்னு ஒரு டாக்டரு, குதிங்கால் ஒடஞ்சவன் பாடுபட்டுப் பொழைக்கற வேலைக்கு இனி ஆக மாட்டான்னு எழுதி வெச்சாரு. என்ர காலத்துல தென்னை ஏறுனவங்கள்ல உழுந்தவங்க நெலமையும் அதுதான். மறுபடி மரத்துல ஏறுனவன நான் பாக்கல. மாடு மேச்சாங்க, காவல் காத்தாங்க, பொட்டிக்கடை வெச்சாங்க. இப்ப ஸ்கேனு இருக்குது, ப்ளேட்டு இருக்குது, பிசியோதெரபி இருக்குது. உனக்கு அம்புட்டு மோசமாகாது. நீ மரம் ஏறறவனும் இல்ல. ஏணியே ஏறத் தெரியல.

நாளைக்கு டாக்டர்கிட்டப் போறப்ப நானும் வர்றேன். மூட்டுத்தளம் எத்தனை துண்டு, எத்தனை மில்லிமீட்டர் எறங்கியிருக்குது, கோணம் எத்தனை டிகிரி, சின்னக் கீறல்ல முடியுமா, நீங்க மாசத்துக்கு எத்தனை குதிங்கால் பண்றீங்க, புண்ணு பிரிஞ்சா அடுத்து என்ன பண்ணுவீங்க, அறுக்காம உட்டா அஞ்சு வருசத்துல மூட்டு எப்படி இருக்கும். இதயெல்லாம் எழுதி எடுத்துட்டு வா, வாயில வெச்சுட்டு வந்தா அங்க போனதும் மறந்துருவ. மாசத்துக்கு எத்தனைன்னு கேக்கறதுக்குக் கூச்சப்படாத. குதிங்கால் பழகுன கை வேணும், அதுக்குன்னு கோயமுத்தூர் வரைக்கும் போக வேண்டி வந்தாலும் போலாம். வீக்கம் வடியற நாள்ல அதுக்கு நேரம் இருக்குது.

ஒண்ணு மட்டும் கேக்காத. 'உங்க சொந்தத் தம்பியா இருந்தா என்ன பண்ணுவீங்க டாக்டர்?'னு எல்லாரும் கேக்கறாங்க, பெரிய சாமர்த்தியம்னு நெனச்சுட்டு. அவரு தம்பி சிகரெட்டு குடிக்க மாட்டான். அவரு தம்பிக்குப் பவர் டேபிளும் இல்ல, தீவாளி ஆர்டரும் இல்ல. ராத்திரி தொட்டி கழுவற பழக்கம் சுத்தமா இருக்காது. உன்ர காலுக்கு என்னன்னு கேளு.

கம்பெனிக் கணக்கு நோட்டையும் சாவிக்கொத்தையும் இன்னிக்கே அம்மிணிகிட்டக் குடுத்திரு. ஏற்கனவே அதுதான் பாத்துக்குது. நீ படுத்த இந்த நாலு நாள்ல ஆர்டர் நேரத்துக்குப் போச்சாமா, ஓவர்டைமும் கம்மியாயிருச்சாமா. டெய்லருங்க எங்கிட்ட வந்து, 'மொதலாளி நல்லா ரெஸ்ட் எடுக்கட்டுங், ஒண்ணும் அவசரமில்லீங்'னு சொல்லீட்டுப் போறாங்க.